மருந்து கூடியது, விளைச்சல் விழுந்தது
கன்யேத்தே பள்ளத்தாக்கு தரும் பாடம்

வயலில் புழுவைக் கண்டால் கடைக்கு ஓடுவதும், கடைக்காரர் எடுத்துத் தரும் போத்தலை வாங்கி வந்து அன்றே அடித்து முடிப்பதும் எமது கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. பக்கத்து வயற்காரர் அடித்தால் நாமும் அடிக்கின்றோம். ஒருமுறை அடித்தும் குறையாவிட்டால் அளவைக் கூட்டுகின்றோம். அதற்கும் குறையாவிட்டால் இரண்டு மருந்துகளைக் கலந்து அடிக்கின்றோம்.

இதற்குக் காரணம் பயம். பல வருடங்கள் இடம்பெயர்ந்து வாழ்ந்து, பின்னர் பற்றை வெட்டி, வரம்பு கட்டி, கடன்பட்டு விதைத்த ஒரு குடும்பத்திற்கு ஒரு போகம் தவறினால் அடுத்த போகத்திற்கு வழியில்லை. ஆகவே அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் பயத்தில் அடிக்கும் மருந்து உண்மையில் பயிரைக் காக்கின்றதா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அனுபவம் ஒன்று தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில் உண்டு. அங்கு மருந்தடித்தவர்கள் எம்மைப்போல இரண்டு மூன்று ஏக்கர் செய்தவர்கள் அல்லர். பெரும் பண்ணைகளின் சொந்தக்காரர்கள். அவர்களிடம் பணம் இருந்தது, மருந்து தெளிக்க ஆகாய விமானங்கள் இருந்தன, சொந்தமாக ஓர் ஆராய்ச்சி நிலையமும் இருந்தது. அப்படியிருந்தும் அவர்கள் தோற்றார்கள். எப்படித் தோற்றார்கள், எப்படி மீண்டார்கள் என்பது நாமும் அறிய வேண்டியதாகும்.

பாலைவனத்தின் நடுவே பருத்தி

பெரு நாட்டின் கரையோரம் பெரும்பாலும் மழையற்ற பாலைவனமாகும். மலைகளிலிருந்து கடலை நோக்கி ஓடும் ஆறுகளின் ஓரங்களில் மாத்திரமே பயிர் உண்டு. தலைநகரான லீமாவுக்குத் தெற்கே அமைந்துள்ள கன்யேத்தே பள்ளத்தாக்கு அவ்வாறான ஓர் இடம். ஆற்றுநீரை வாய்க்கால்களில் திருப்பி, பல ஆயிரம் ஹெக்டேயர் நிலத்தில் பயிர் செய்தார்கள். அதில் பெரும்பகுதி பருத்தி.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் புதிய இரசாயன நாசினிகள் சந்தைக்கு வந்தன. 1949ஆம் ஆண்டிலிருந்து கன்யேத்தேயில் டி.டி.ரி., பி.எச்.சி., ரொக்சாபீன் ஆகியவற்றைப் பெருமளவில் தெளிக்கத் தொடங்கினர். பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே போர்வையால் மூடுவதுபோல விமானங்கள் மருந்தைக் கொட்டின. விமானங்கள் தாழ்வாகப் பறப்பதற்கு இடைஞ்சலாக நின்ற மரங்கள் வெட்டப்பட்டன. மரங்களோடு பறவைகளும் போயின.

முதலில் பலன் நன்றாகவே இருந்தது. 1950ஆம் ஆண்டு ஒரு ஹெக்டேயரில், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கரில், 494 கிலோ பருத்தி கிடைத்தது. 1954ஆம் ஆண்டு அது 728 கிலோவாக உயர்ந்தது. கூட அடித்தால் கூட விளையும் என்று எல்லோரும் நம்பினர்.

ஆனால் அதற்கு முன்னரே அறிகுறிகள் தெரியத் தொடங்கியிருந்தன. 1952ஆம் ஆண்டில் பி.எச்.சி.க்கு அழுக்கணவன் சாகவில்லை. 1954ஆம் ஆண்டில் ரொக்சாபீனுக்கு இலைதின்னும் புழு சாகவில்லை. அளவைக் கூட்டினர், வேறு மருந்துகளுக்கு மாறினர். முன்பு 8 முதல் 15 நாட்களுக்கு ஒருமுறை தெளித்தவர்கள், பின்னர் 3 நாட்களுக்கு ஒருமுறை தெளிக்கும் நிலைக்கு வந்தனர். 1956ஆம் ஆண்டு விளைச்சல் ஹெக்டேயருக்கு 332 கிலோவாக விழுந்தது. மருந்துச் செலவு மிக உயர்ந்திருந்த வருடத்தில் விளைச்சல் மிகத் தாழ்ந்திருந்தது.

ஏன் இப்படி நடந்தது?

முதலாவது காரணம், பூச்சியின் எதிர்ப்புச் சக்தி. ஆயிரம் பூச்சிகளில் ஒரு சில எந்த மருந்துக்கும் தப்பும். தப்பியவையே குஞ்சு பொரிக்கும். அடிக்க அடிக்க, மருந்துக்குச் சாகாத பரம்பரையே வயலில் மிஞ்சும். அளவைக் கூட்டுவது அந்தத் தெரிவை இன்னும் விரைவுபடுத்தும்.

இரண்டாவது காரணம், நண்பர்களின் அழிவு. ஒவ்வொரு வயலிலும் பயிரைத் தின்னும் பூச்சிகளும், அப்பூச்சிகளைத் தின்னும் பூச்சிகளும் உண்டு. மருந்து இரண்டையும் கொல்லும். ஆனால் தீய பூச்சிக்குப் பயிர் முழுவதும் உணவாக இருப்பதால் அது விரைவில் பெருகிவிடும். அதைத் தின்னும் பூச்சியோ, இரை பெருகிய பின்னரே பெருக முடியும். அதற்குள் அடுத்த தெளிப்பு வந்துவிடும்.

மூன்றாவது காரணம், புதிய எதிரிகள். அதுவரை பருத்திக்குத் தீங்கு செய்யாதிருந்த பல பூச்சிகள் கன்யேத்தேயில் பெரும் பீடைகளாக மாறின. இந்த மருந்துகளைத் தெளிக்காத அயற் பள்ளத்தாக்குகளில் அதே பூச்சிகள் தொல்லை தரவில்லை. அவற்றை இதுவரை அடக்கி வைத்திருந்தவை அழிந்ததே காரணம்.

அவர்கள் எடுத்த முடிவு

1956ஆம் ஆண்டு தோல்விக்குப் பின்னர் கன்யேத்தே விவசாயிகள் தங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியை நாடினர். அரசாங்கத்தின் அங்கீகாரத்துடன், பள்ளத்தாக்கு முழுவதற்கும் பொதுவான விதிகள் வகுக்கப்பட்டன.

புதிய இரசாயன நாசினிகளை விசேட அனுமதியின்றி எவரும் தெளிக்கக் கூடாது. பருத்திக்கு ஒவ்வாத ஓர நிலங்களில் பருத்தி இடக்கூடாது. அறுத்த செடியின் கட்டையைத் துளிர்க்க விட்டு அடுத்த வருடமும் வைத்திருக்கக் கூடாது. எல்லோரும் குறித்த காலத்தில் விதைக்க வேண்டும். வருடத்தில் ஒரு காலம் நிலத்தில் பருத்தியே இருக்கக் கூடாது. இவற்றோடு, வேறு இடங்களிலிருந்து நன்மை செய்யும் பூச்சிகளைக் கொண்டுவந்து வயல்களில் விட்டனர்.

மருந்தை அவர்கள் முற்றாக நிறுத்திவிடவில்லை. தேவைப்பட்ட இடத்தில் பழைய காலத்து மருந்துகளைப் பாவித்தனர். அவற்றுள் ஆசனிக் கலந்தவையும் இருந்தன. அவை மனிதருக்குக் கொடிய நஞ்சு; நாம் பின்பற்ற வேண்டியவை அல்ல. நாம் கவனிக்க வேண்டியது அவர்களது ஒழுங்கையே. அடுத்த வருடமே விளைச்சல் 500 கிலோவைத் தாண்டியது. தொடர்ந்து வந்த வருடங்களில் 700 கிலோவுக்கு மேல் சென்றது.

இதில் ஒரு விடயம் முக்கியமானது. எவ்வளவு பெரிய பண்ணைக்காரராயினும் ஒருவர் தனியே இதைச் செய்திருக்க முடியாது. பூச்சிக்கு வேலி இல்லை. ஒருவர் நிறுத்த, அயலவர் தொடர்ந்து அடித்தால் நண்பர்கள் அழிந்துகொண்டே இருக்கும்.

எமது நெல்வயலில்

பருத்தியின் கதை நெல்லுக்குப் பொருந்துமா? நன்றாகப் பொருந்தும். கிழக்கில் அறக்கொட்டியான் என்று பலரும் சொல்லும் கபிலநிறத் தத்தியே இதற்குச் சாட்சி. இது நெல்லின் அடித்தண்டில் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே இருந்து சாற்றை உறிஞ்சும். பெருகினால் வயல் வட்டம் வட்டமாக எரிந்ததுபோலக் காயும். இதன் முட்டைகள் இலையுறைக்குள் மறைந்திருப்பதால் பெரும்பாலான மருந்துகள் அவற்றைத் தொடுவதில்லை. மருந்தடித்ததும் சிலந்திகள் சாகின்றன. சில நாட்களில் முட்டைகள் பொரிக்கும்போது குஞ்சுகளைப் பிடிப்பதற்கு எவரும் இல்லை. மருந்தடித்த வயலே முதலில் எரிவது இதனாற்றான்.

இந்தோனேசியா இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. அங்கு அரசாங்கமே மானியம் கொடுத்து நாசினிகளை மலிவாக வழங்கியது. தத்தியோ மேலும் மேலும் பெருகியது. 1986ஆம் ஆண்டு நவம்பரில் ஜனாதிபதி சுகார்த்தோ நெல்லுக்கு 57 வகை நாசினித் தயாரிப்புகளைத் தடைசெய்தார். 1989ஆம் ஆண்டளவில் மானியமும் நிறுத்தப்பட்டது. அதே வருடம் தொடங்கி விவசாயிகள் வாரந்தோறும் வயலில் கூடி, பயிரையும் பூச்சியையும் தாமே பார்த்து முடிவெடுக்கப் பயிற்றப்பட்டனர். நாசினிப் பாவனை வெகுவாகக் குறைந்தது. நெல் உற்பத்தி குறையவில்லை; கூடியது.

அடிப்பதற்கு முன் பாருங்கள்

வாரத்திற்கு ஒருமுறையாவது வயலுக்குள் குறுக்கே நடவுங்கள். வரம்பில் நின்று பார்ப்பது போதாது. பத்து இடங்களிலாவது பயிரை விரித்து அடியைப் பாருங்கள். தத்தி எத்தனை, சிலந்தி எத்தனை, பொறிவண்டு எத்தனை என்று எண்ணுங்கள். முகாம்களில் வளர்ந்த எமது பிள்ளைகள் பலருக்கு இவற்றை அடையாளம் காட்ட எவரும் இருக்கவில்லை. அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

விதைத்து முதல் 40 நாட்களில் இலையைத் தின்னும் புழுக்களைக் கண்டு பதறாதீர்கள். இளம் நெல் புதிய மட்டம் வெடித்து அந்த இழப்பை ஈடுசெய்துவிடும். ஆரம்பத்தில் அடிக்கும் மருந்துதான் பின்னர் தத்திக்கு வழி திறக்கும்.

யூரியாவை அளவுக்கு மீறி இட்டால் பயிர் கரும்பச்சையாகச் செழிக்கும், தத்தியும் செழிக்கும். அடர்த்தியாக விதைப்பதும் அவ்வாறே. தத்தி தென்பட்டால் முதலில் வயல்நீரை வடியவிட்டு, கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரை அணுகுங்கள். அடிக்கத்தான் வேண்டும் என்றால் எந்த மருந்து, எவ்வளவு என்பதை அவரிடம் கேளுங்கள். அடிக்கும்போது பயிரின் தலையில் அல்ல, தத்தி இருக்கும் அடியில் படும்படி அடியுங்கள். பாதிக்கப்பட்ட பகுதிக்கு மாத்திரம் அடித்தால் போதுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காணி இன்னும் கிடைக்காத குடும்பங்களின் இளைஞர்கள் பலர் பிறர் வயலில் கூலிக்கு மருந்தடிக்கின்றார்கள். ஒரு போகத்தில் பல வயல்களின் நஞ்சு அவர்கள் உடம்பில் சேர்கின்றது. முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, முகக்கவசம், கையுறை இல்லாமல் அவர்களை அனுப்பாதீர்கள். காற்றுக்கு எதிரே நின்று அடிக்க வேண்டாம். ஒழுகும் தாங்கியை முதுகில் ஏற்ற வேண்டாம். வெறும் போத்தலில் மண்ணெண்ணெயோ தண்ணீரோ எடுக்க வேண்டாம். மீதி மருந்தை வீட்டில் பூட்டின்றி வைக்கவும் வேண்டாம். தேவையற்ற ஒரு தெளிப்பைத் தவிர்ப்பது கடனை மட்டுமல்ல, அந்தப் பிள்ளையின் உடம்பையும் காக்கும்.

கூட்டத்தில் பேசுங்கள்

கன்யேத்தே விவசாயிகள் தோல்வியின் பின்னரே ஒன்றுகூடினர். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. குளத்து நீர் திறக்கும் திகதியையும் விதைப்புத் திகதியையும் தீர்மானிக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம் எமக்கு ஏற்கனவே உண்டு. மானாவாரி நிலமாயின் கமக்காரர் அமைப்பு உண்டு. வருகின்ற காலபோகக் கூட்டத்தில் நான்கு விடயங்களை எழுப்புங்கள்: வெளி முழுவதும் ஒரே காலத்தில் விதைப்பது, முதல் 40 நாட்களுக்கு எவரும் பூச்சிமருந்து அடிக்காதிருக்க முயல்வது, மீறி அவசியம் வந்தால் போதனாசிரியரைக் கேட்டே அடிப்பது, வாரத்திற்கு ஒருமுறை வயல் பார்க்க ஐந்து பேரை, பெண்களையும் சேர்த்து, தெரிவுசெய்வது. இதற்குப் பணம் தேவையில்லை, ஒற்றுமை தேவை. முதல் போகத்தில் எல்லோரும் இணங்காவிட்டாலும், ஒரே வாய்க்காலில் நீர் பெறும் ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து தொடங்கலாம். அறுவடையின் பின்னர் மருந்துச் செலவையும் விளைச்சலையும் ஒரு கொப்பியில் எழுதி மற்றவர்களுக்குக் காட்டுங்கள். அடுத்த போகத்தில் அவர்களும் சேர்வதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.