ஈரம் இருந்தும் வாழை வாடுவது ஏன்?

குழித்துறையாறு தேங்காய்ப்பட்டணம் அருகே கடலில் கலக்கிறது. கோடையில் ஆற்றில் நீர்வரத்து குறையும்போது கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும். கரையோரக் கிணறுகளும் உவர்ப்படையும். புதுக்கடை வட்டாரத்தில் ஆற்றை அடுத்த விளைகளில் இத்தகைய நீரைப் பாய்ச்சினால், மண் நனைந்திருந்தும் வாழை வாடும். இலை ஓரம் கருகும். இதன் காரணத்தை விவசாயிகள் அறிந்திருப்பது நல்லது.

வேர் நீர் குடிக்கும் விதம்

வேர் கண்ணுக்குத் தெரியாத செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லையும் கொழுப்பும் புரதமும் சேர்ந்த மெல்லிய சவ்வு மூடியுள்ளது. இச்சவ்வு தண்ணீரை எளிதில் விடும். உப்பை எளிதில் விடாது. உப்பு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குத் தண்ணீர் நகரும். இதுவே சவ்வூடு பரவல். நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவினால் நீர் விடுவதும் இதனால்தான்.

நல்ல மண்ணில், மண்நீரைவிட வேர்ச் செல்லின் சாறு அடர்த்தியானது. ஆகவே நீர் உள்ளே வருகிறது. மண்ணில் உப்பு கூடினால் வேர் நீர் எடுப்பது குறையும். மிகவும் கூடினால் வேரிலுள்ள நீரே வெளியேறும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. தென்னை உவரை ஓரளவு தாங்கும், வாழை தாங்காது.

உரத்திலும் கவனம் தேவை

யூரியாவையும் பொட்டாஷையும் தண்டை ஒட்டிக் குவித்து இட்டாலும் இதே விதமாக வேர் கருகும். தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் நட்ட 3, 5, 7-ம் மாதங்களில் பிரித்து இடவேண்டும். தண்டிலிருந்து சற்றுத் தள்ளி இட்டு, மண்ணோடு கலந்து நீர் பாய்ச்சவேண்டும்.

சாம்பல்சத்தைச் சவ்விலுள்ள புரத வாயில்கள் வழியே வேர் தன் சக்தியைச் செலவிட்டு இழுத்துக்கொள்கிறது. அச்சக்திக்கு வேர் சுவாசிக்க வேண்டும். நீர் தேங்கினால் காற்று கிடைக்காது. இட்ட உரம் வீணாகும்.

செய்ய வேண்டியவை

1. கோடையில் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். மின் கடத்துத்திறன் மீட்டருக்கு 0.75 டெசிசீமனுக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. 2.25-க்கு மேல் போனால் வாழைக்கு ஆகாது.

2. தொழு உரம் இட்டு, காய்ந்த இலைகளால் மூடாக்குப் போடுங்கள். ஈரம் ஆவியாவது குறைந்தால், உப்பு மேலே படிவதும் குறையும்.

3. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. மழைக்கு முன்பே வடிகாலைச் சீர்செய்தால், மழைநீர் உப்பைக் கரைத்துக்கொண்டு போகும்.

4. வாடிய வாழைக்கு மேலும் உரமிடாதீர்கள். தண்டை வெட்டிப் பார்த்து உள்ளே செம்பழுப்புக் கோடுகள் தெரிந்தால், அது வாடல் நோயாக இருக்கலாம். உடனே தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் காட்டுங்கள்.

நீரின் தன்மையை அறிந்து பாய்ச்சினால் உரச்செலவும் மிச்சம், குலையும் தேறும்.