கடம்பவனத்தில் ஒரு தோட்டப் பள்ளி

மதுரைக்குக் கடம்பவனம் என்றொரு பெயர் உண்டென்பது யாவரும் அறிந்ததே. அன்னை மீனாட்சியின் திருக்கோயிலுள் தலமரமாகிய கடம்பின் பட்டுப்போன அடிமரத்தை இன்றும் பேணி வருகின்றனர். ஆனால் உயிரோடு நிற்கும் கடம்பு ஒன்றை அடையாளம் காட்டுமாறு கேட்டால் நம்முள் எத்தனை பேர் தேறுவோம்? தாவரவியல் வகுப்பில் அமர்ந்திருக்கும் என்னையும் சேர்த்தே கேட்கிறேன். கேள்வி அவ்வளவு எளிதும் அன்று. பந்துபோல் உருண்ட பூக்களையுடைய வெண்கடம்பு ஒன்று. அதே பாங்கில் சிறு பூப்பந்துகளையுடைய நீர்க்கடம்பு மற்றொன்று. இவ்விரண்டும் காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. நீர்நிலைக் கரைகளில் வளர்ந்து, செந்நிறப் பூக்களை நீண்ட சரமாகத் தொங்கவிடும் செங்கடம்போ இவற்றோடு உறவில்லாத வேறு குடும்பம். இலக்கியத்தில் 'கடம்பு' என்று படிக்கும்போது எந்த மரத்தை மனத்தில் காண்கிறார்கள் என்பதைத் தமிழ்த்துறை நண்பர்கள்தாம் சொல்ல வேண்டும்.

இத்தகைய ஐயங்கள் நூலகத்தில் தீர்வதில்லை. மரத்தடியில், இலையைக் கையில் வைத்துக்கொண்டு, அறிந்தவர் ஒருவர் பேசக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பொதுப்பூங்காக்களில் தோட்டக்கலை வகுப்புகளும் இயற்கைச் சொற்பொழிவுகளும் நடத்தும் வழக்கம் ஏற்பட்டதும் இதற்காகவே. அவ்வழக்கம் எப்படி வந்தது, மதுரைச் சமவெளிக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நம் பகுதியின் பழைய பூங்காக்கள் பொதுமக்களுக்குக் கற்பிப்பதற்காகத் தோன்றியவை அல்ல. இலங்கையின் பேராதனைத் தோட்டம் 1821-இலும், சென்னையின் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-இலும் தோன்றின. காப்பி, தேயிலை, சிங்கோனா, ரப்பர் போன்ற பணப்பயிர்களைப் பரப்புவதே அக்காலத்து ஆட்சியாளர்களின் பெருங்கவலை. உதகைத் தோட்டத்தின் தொடக்கமோ இன்னும் சுவையானது. அங்குக் குடியேறிய ஐரோப்பியர்கள் தங்கள் சமையலுக்கு மலிவாகக் காய்கறி கிடைக்க வேண்டுமென்று சந்தா போட்டுத் தொடங்கிய தோட்டமே பிறகு அரசின் தாவரவியல் பூங்காவாக வளர்ந்தது. முட்டைக்கோஸில் பிறந்த பெருமை என்று சொன்னால் உதகை நண்பர்கள் கோபிக்க மாட்டார்கள் என நம்புகிறேன்.

தோட்டத்தையே பள்ளியாகக் கொள்ளலாம் என்று வற்புறுத்தியவர்களுள் ஒருவர் மதுரைத் தெருக்களில் நடந்திருக்கிறார். அவர் பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். நகரமைப்பு அறிஞராகப் புகழ் பெற்றவர். எடின்பரோவின் நெருக்கடியான பழைய குடியிருப்புகளில் குப்பை மேடாகக் கிடந்த வெற்றிடங்களைச் சிறு தோட்டங்களாக்கிக் குழந்தைகளின் கையில் கொடுத்தவர். 1914-இல் இந்தியாவுக்கு வந்த அவர், சென்னை மாகாணத்தின் பல ஊர்களைச் சுற்றிப் பார்த்து, மதுரையைப் பற்றியும் அறிக்கை எழுதினார். இடித்துத் தள்ளுவதற்கு முன் இருப்பதை நன்றாகப் பார் என்பதே அவர் கொள்கை. பின்னர் 1937-இல் வார்தாவில் உருப்பெற்ற காந்தியடிகளின் ஆதாரக் கல்வியிலும் தோட்டவேலை பாடமாயிற்று. நமக்கு அருகிலேயே, திண்டுக்கல்லை அடுத்து 1947-இல் தோன்றிய காந்திகிராமம் அம்மரபில் வந்ததே.

இன்றும் தமிழ்நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உள்ளன. சென்னை அடையாற்று முகத்துவாரத்தில் 58 ஏக்கரில் அமைந்து 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா, கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டப்பட்டு வந்த சதுப்பு நிலத்தை மீட்டு உருவாக்கியது. பள்ளி மாணவர்களை அழைத்துச் சென்று கற்பிப்பதை முதன்மை நோக்கமாகக் கொண்டது. 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆரோவில் தாவரவியல் தோட்டம் சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களை வளர்த்து, அவற்றைக் கொண்டே மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறது. மதுரையில் யானைமலை அடிவாரத்திலுள்ள வேளாண்மைக் கல்லூரி 1965-இல் தொடங்கியது. அவ்வளாகத்திலேயே வேளாண் அறிவியல் நிலையமும் இயங்குகிறது. தோட்டம் போட விரும்புவோர் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான்.

இனி வகுப்பில் என்ன கற்பிக்க வேண்டும் என்பதற்கு வருவோம். உதகைக்கும் பெங்களூருக்கும் எழுதப்பட்ட தோட்டக் குறிப்புகளை மதுரையில் அப்படியே பின்பற்றுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. சித்திரையில் ஆசையோடு வாங்கிய ரோஜா வைகாசியில் விறகாகிவிடுகிறது. நம் ஊரின் கோடை 40 டிகிரியைத் தொடுவது. மழையின் பெரும்பங்கோ வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் பெய்வது. ஆகவே நம் தோட்டத்தின் நாட்காட்டி ஆடிப்பட்டத்தில் தொடங்கித் தைப்பட்டத்தில் மறுபடி திரும்பும். ஆடியில் வெண்டையும் அவரையும் கொத்தவரையும் நேரே ஊன்றலாம். கத்தரி, மிளகாய், தக்காளியை நாற்றுவிட்டுப் பிடுங்கி நட வேண்டும். கத்தரி நாற்றுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். மிளகாய்க்கு இன்னும் பத்து நாள் கூடுதலாக வேண்டும். விதையின் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்துக்கு மேல் புதைக்கலாகாது. கீரை விதையை விரற்கடை ஆழத்தில் புதைத்துவிட்டு முளைக்கவில்லையே என்று கடைக்காரரைத் திட்டுவோர் பலர்.

மாடித்தோட்டம் போடுவோர் கணக்கும் கொஞ்சம் போட வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈரமண் நிரப்பினால் அதன் எடை 300 கிலோவைத் தாண்டும். நாலைந்து ஆட்கள் இரவும் பகலும் அந்த இடத்தில் நெருக்கி நிற்பதற்கு அது சமம். ஆதலால் மண்ணைக் குறைத்து, மக்கிய தொழுஉரமும் தென்னை நார்க்கழிவும் கலந்து பைகளில் நிரப்புகிறார்கள். நார்க்கழிவைப் பலமுறை நீரில் அலசிய பின்னரே பயன்படுத்த வேண்டும். இல்லையேல் அதிலுள்ள உப்பு வேரைச் சுட்டுவிடும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாயிருக்கும் இடங்களில் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கெல்லாம் மழைநீரைப் பிடித்து வைத்து இடையிடையே ஊற்றுவது செடிக்கு மருந்து.

பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெண்டை இலையின் நரம்பு மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பிய நச்சுயிரி நோய். அதற்கு மருந்தில்லை; செடியைப் பிடுங்கி அழிப்பதே வழி. மற்றவற்றுக்கு, 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதிச் சோப்பு கரைத்து மாலையில் தெளித்தால் பெரும்பாலும் அடங்கும்.

மல்லிகையைப் பற்றிப் பேசாத தோட்ட வகுப்பு மதுரையில் நடக்க முடியாது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லியின் நாற்றுகள் இராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடத்து மணற்பாங்கான நிலத்தில் வேர்பிடிக்க வைக்கப்பட்டு இங்கு வருகின்றன என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். வீட்டில் மல்லிகை வைத்திருப்போர் எல்லாரிடமும் ஒரே புகார்தான்: 'கொடி தளதளவென்று வளர்கிறது, பூவைக் காணோம்.' காரணம் எளியது. மல்லிகை புதுத் தளிர்களின் நுனியில்தான் அரும்பு கட்டும். பழைய கிளைகளை அப்படியே விட்டால் இலைதான் பெருகும். ஆகவே விவசாயிகள் நீர் பாய்ச்சுவதைக் குறைத்து, நவம்பர் கடைசி வாரத்தில் செடியைத் தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்துக்குக் கவாத்து செய்கிறார்கள். பிறகு மண்ணைக் கொத்தி உரமிட்டு நீர் விடுகிறார்கள். மொட்டையாக நின்ற செடி மாசி பங்குனியில் தளிர்த்து அரும்பெடுக்கிறது. வீட்டில் அவ்வளவு ஆசையாக வளர்த்த செடியைக் கத்தரிக்க மனம் வருவதில்லை. என் தாயார் இரண்டாண்டுகள் கத்தரிக்கோலை ஒளித்து வைத்திருந்தார். மூன்றாம் ஆண்டு பக்கத்துத் தெருவில் பூக்கட்டும் அம்மாள் ஒருவர் வந்து, கேட்காமலேயே வெட்டிவிட்டுப் போனார். அந்தச் சித்திரையில் வீட்டுக்குப் போக எஞ்சிய பூ கோயிலுக்குப் போயிற்று. எந்தப் பாடப்புத்தகமும் அந்த அம்மாளுக்கு ஈடாகாது.

வகுப்பு கைக்கு என்றால், சொற்பொழிவு கண்ணுக்கு. நல்ல இயற்கைச் சொற்பொழிவுக்கு ஒரே ஓர் ஆலமரம் போதும். 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். அத்தி பூக்காமலா காய்க்கிறது? அத்தி, ஆல், அரசு எல்லாம் ஒரே இனத்தவை. இவற்றின் பழம் என்று நாம் கருதுவது, பூக்கள் நூற்றுக்கணக்கில் உள்நோக்கி மலர்ந்திருக்கும் ஒரு மூடிய பை. அதன் நுனியிலுள்ள சிறு துளை வழியே கொசுவினும் சிறிய பெண் குளவி ஒன்று நெருக்கிக்கொண்டு நுழைகிறது. நுழையும்போதே பெரும்பாலும் சிறகை இழக்கிறது. தான் கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, முட்டையிட்டு, உள்ளேயே மடிகிறது. அதன் பிள்ளைகளுள் முதலில் வெளிப்படும் ஆண்களுக்குச் சிறகே இல்லை. அவை இணைந்து, சுவரைக் குடைந்து வழி செய்து கொடுத்துவிட்டு இறக்கின்றன. பெண்கள் அவ்வழியே மகரந்தத்துடன் பறந்து வேறு மரத்தைத் தேடுகின்றன. ஆலுக்கென்று ஒரு குளவி, அரசுக்கென்று வேறொரு குளவி. ஒன்று இல்லையேல் மற்றொன்றுக்கு வித்தில்லை. கோடையில் வேறு பழம் கிடைக்காதபோதும் மைனாவும் குயிலும் அணிலும் வௌவாலும் ஆலை நம்பி வருகின்றன. சாலையை அகலப்படுத்தும்போது விழும் ஓர் ஆலுக்கு ஈடாகப் பத்துக் கொன்றைக் கன்றுகளை நட்டுவிட்டோம் என்பது கணக்கில் சரியாயிருக்கலாம், அப்பறவைகளுக்குச் சரியாகாது.

பெயர் தெரிந்து என்ன பயன் என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியைக் காட்டுவேன். தமிழ் பிராமிக் கல்வெட்டும் சமணர் படுகையும் குடைவரைக் கோயிலும் உடைய ஊர் அது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய 'பசுமை நடை' அமைப்பினர் மதுரையைச் சுற்றியுள்ள இத்தகைய குன்றுகளுக்கு மக்களைத் திரளாக அழைத்துச் சென்று, பாறை நிழலில் அமர்த்தி அறிஞர்களைப் பேச வைத்தனர். பறவை நோக்குவோரும் ஊராரும் அப்பகுதியின் பறவைகளைப் பெயர் பெயராகப் பட்டியலிட்டனர். லகர் வல்லூறு, சாகின் வல்லூறு, பொனெல்லிக் கழுகு உட்பட ஏறத்தாழ 250 வகை. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193.215 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அதுவே முதலாவது. 2024-இல் அந்நிலத்தையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டித் தொகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விடப்பட்டபோது ஊர்கள் திரண்டன. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. போராடியவர்கள் உழவர்கள், கையில் வைத்திருந்த சான்றுகளுள் ஒன்று அந்தப் பெயர்ப் பட்டியல்.

நம் கல்லூரி வளாகத்திலும் மரங்களுக்குக் குறைவில்லை. மாதம் ஒரு ஞாயிறு, வெயில் ஏறுமுன் ஆறரை மணிக்கு, ஒரே ஒரு மரத்தின் கீழ் ஒரு மணி நேரம் கூடினால் போதும். பேசுவதற்கு வெளியூர் அறிஞரைத் தேட வேண்டாம். முதல் கூட்டத்துக்கு நம் தோட்டக்காரரையே அழைக்கலாம். எந்த வேம்பு எந்த ஆண்டு முறிந்தது, எந்தக் கிணற்று நீர் எந்தச் செடிக்கு ஆகாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இரண்டாம் கூட்டத்துக்கு அந்தப் பூக்கட்டும் அம்மாளை அழைத்து வரும் பொறுப்பு என்னுடையது. கவாத்துக் கத்தரியை அவரே கொண்டுவருவார்.