'எரிச்சல்' என்னும் குற்றம்: இந்திய இணையச் சட்டத்தின் 66ஏ பிரிவும் கருத்துரிமையும்

இணையத் தணிக்கை என்றதும் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுவது முடக்கப்பட்ட இணையத்தளமே. அது தணிக்கையின் ஒரு முகம். மற்றொரு முகம் சட்டத்தின் சொற்களுக்குள் மறைந்திருக்கிறது. எந்தத் தளத்தையும் முடக்காமலே, எழுத வந்தவரைத் தயங்கச் செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு இதற்குத் தக்க சான்றாகும். அப்பிரிவின் சொற்கள் எங்கிருந்து வந்தன, உச்ச நீதிமன்றம் அவற்றை ஏன் நீக்கியது, நீக்கிய பின்னரும் அவை எவ்வாறு வழக்கில் நின்றன என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். சட்டத் துறையினருக்குரிய பொருள் இது எனச் சிலர் கருதலாம். ஆயின், சிக்கலின் வேர் சொற்பொருளில் இருப்பதால், மொழி கற்பிப்போரும் இதனை நோக்குவது பொருந்தும்.

2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மூலச்சட்டம் பெரிதும் மின்வணிகத்தையும் மின்கையொப்பத்தையும் கருதி எழுந்ததாகும். 66ஏ அதில் இல்லை. 2008 டிசம்பரில், மும்பைத் தாக்குதல் நிகழ்ந்து சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், பெரிய விவாதமின்றி நாடாளுமன்றம் ஏற்ற திருத்தத்தின் வழி அது நுழைந்தது. 2009 அக்டோபர் 27-இல் நடைமுறைக்கு வந்தது. கணினி வழியாகவோ பிற கருவி வழியாகவோ மிகவும் புண்படுத்தும் செய்தியை அல்லது அச்சுறுத்தும் தன்மையுள்ள செய்தியை அனுப்புவது குற்றம் என்றது அதன் முதற்கூறு. பொய்யென அறிந்தே, எரிச்சல், வசதிக்கேடு, ஆபத்து, தடை, அவமதிப்பு, ஊறு, மிரட்டல், பகைமை, வெறுப்பு, தீயெண்ணம் ஆகியவற்றை விளைவிக்கத் தொடர்ந்து செய்தி அனுப்புவதை இரண்டாம் கூறு குற்றமாக்கியது. மூன்றாம் கூறு மின்னஞ்சலைப் பற்றியது. அங்குப் பொய் என்னும் நிபந்தனைகூட இல்லை. எரிச்சலூட்டும் நோக்கம் இருந்தாலே போதும். தண்டனை மூன்றாண்டுச் சிறை வரை. பிணையில் விடத்தக்க குற்றமே எனினும், பிடியாணையின்றிக் கைது செய்யக் காவல்துறைக்கு இது வழிவிட்டது.

இப்பட்டியலை எம் மொழிபெயர்ப்பு வகுப்பில் ஒருமுறை மாணவரிடம் கொடுத்தோம். 'அன்னாயன்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு எரிச்சல், தொல்லை, சலிப்பு, சினமூட்டல் என நான்கு விடைகள் வந்தன. வசதிக்கேட்டுக்கு ஒருவர் எழுதிய 'இடையூறு' என்னும் சொல்லையே தடைக்கு இன்னொருவர் எழுதியிருந்தார். மொழிபெயர்ப்பில் இது புதிதன்று. அகராதியைப் புரட்டி ஒருவாறு சரிசெய்துவிடலாம். ஆனால், பின்வரிசையில் இருந்த மாணவி ஒருவர் எழுப்பிய வினாவுக்கு அகராதியில் விடையில்லை. "எரிச்சல் என்றால், யாருக்கு ஏற்படும் எரிச்சல் ஐயா?"

அவ்வினாவே 66ஏ பிரிவின் முழுச்சிக்கல் எனலாம். திருட்டு, தாக்குதல் முதலிய சொற்கள் செய்தவனின் செயலைக் குறிப்பன. எரிச்சலோ படிப்பவரின் உள்ளத்தில் நிகழ்வது. ஒரே வரி ஒருவரை நகைக்க வைக்கும். மற்றவரைக் காவல் நிலையத்துக்குச் செல்ல வைக்கும். எழுதுகிறவர் தம் வரி எல்லையைக் கடந்ததா இல்லையா என்பதை எழுதும்போது அறிய இயலாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் எரிச்சல் என்னும் சொல் உண்டு. ஆனால், பொதுத்தொல்லை போன்ற குற்றங்களின் கூறுகளுள் ஒன்றாகவே அங்கு அது இடம்பெற்றது. 66ஏ பிரிவில் கூறே குற்றமாயிற்று.

இச்சொற்களின் மரபு வழியும் நோக்கத்தக்கது. 'மிகவும் புண்படுத்தும்', 'அச்சுறுத்தும்' என்னும் தொடர்கள் பிரிட்டனின் 1935-ஆம் ஆண்டு அஞ்சலகத் திருத்தச் சட்டத்தில் காணப்படுவன. தொலைபேசி இணைப்பகங்களில் பணியாற்றிய பெண்களை இழிசொற்களிலிருந்து காப்பதே அதன் நோக்கமாக இருந்தது. அங்குப் பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர். கேட்பவருக்குத் தப்ப வழியில்லை. அச்சூழலுக்கு அச்சொற்கள் ஓரளவு பொருந்தின. பின்னர் அவை பல சட்டங்களைக் கடந்து பிரிட்டனின் 2003-ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டத்தில் 127-ஆம் பிரிவாயின. தொலைபேசிக் கம்பிக்கென வகுத்த விதி, ஆயிரவர் கூடும் பொதுமன்றத்துக்கு விதியானது. மலேசியாவின் 1998-ஆம் ஆண்டுத் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவிலும் புண்படுத்துதல், எரிச்சலூட்டும் நோக்கம் என்னும் சொற்கள் இடம்பெற்றதை நம் வாசகர் அறிவர். 2025 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விரு சொற்களையும் அரசமைப்புக்கு முரணானவை என்றது. அரசுத் தரப்பு கூட்டரசு நீதிமன்றத்தை நாடியது. அவ்வழக்கு தனிக்கட்டுரைக்கு உரியது.

சொற்களின் தெளிவின்மை நடைமுறையில் என்ன செய்தது என்பதை 2012-ஆம் ஆண்டு காட்டியது. ஏப்ரலில், மேற்கு வங்க முதலமைச்சரைப் பற்றிய கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் பகிர்ந்ததற்காக ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஒருவர் கைதானார். அக்டோபரில், மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி டுவிட்டரில் எழுதிய புதுச்சேரிச் சிறுதொழில் முனைவர் ஒருவர் கைதானார். நவம்பரில் பால் தாக்கரே மறைந்தபோது மும்பை முடங்கியதைக் குறித்து முகநூலில் ஓர் இளம்பெண் கருத்து எழுதினார். அவருடைய தோழி அதற்கு 'விருப்பம்' தெரிவித்தார். மகாராட்டிர மாநிலப் பால்கரில் இருவரும் கைதாயினர். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. ஆயினும், ஒரு பொத்தானை அழுத்தியதற்காகக் காவல் நிலையம் செல்ல நேர்ந்ததை நாடு முழுவதும் கண்டது. தண்டனை பெற்றவர் எத்தனை பேர் என எண்ணி இத்தகைய சட்டத்தின் விளைவை அளக்க இயலாது என்பதே எம் கருத்து. கைதுச் செய்தியைப் படித்துவிட்டுத் தம் வரியைத் தாமே அழித்தவர்களை எப்பட்டியலும் காட்டாது.

பால்கர் நிகழ்ச்சியைத் தொடர்ந்து, ஸ்ரேயா சிங்கல் என்னும் சட்ட மாணவி உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 2015 மார்ச் 24-இல் நீதிபதிகள் செலமேசுவரும் ரோகிண்டன் நாரிமனும் 66ஏ பிரிவு முழுவதையும் செல்லாதெனத் தீர்ப்பளித்தனர். நாரிமன் எழுதிய அத்தீர்ப்பு, விவாதித்தல், ஒரு கருத்துக்காக வாதாடுதல், தூண்டிவிடுதல் என மூன்றைப் பிரித்துக் காட்டுகிறது. முன்னைய இரண்டும், எவ்வளவு வெறுக்கத்தக்கனவாயினும், கருத்துரிமையின் உட்பொருளாகும். மூன்றாம் படியை எட்டும்போதே அரசமைப்பின் 19(2) உறுப்பு அனுமதிக்கும் கட்டுப்பாட்டுக்கு இடமுண்டு. எரிச்சலுக்கும் பொது ஒழுங்குக்கும் உடனடித் தொடர்பில்லை என நீதிமன்றம் கண்டது.

தீர்ப்பில் எம்மைப் பெரிதும் ஈர்த்த பகுதி வேறொன்று. பிரிட்டனின் இரு வழக்குகளை நாரிமன் எடுத்துக்காட்டுகிறார். ஒன்றில், கீழ் நீதிமன்றங்கள் குற்றமில்லை என்ற தொலைபேசிப் பேச்சைப் பிரபுக்கள் அவை குற்றமெனக் கண்டது. மற்றொன்றில், விமான நிலையத்தைத் தகர்ப்பேன் என வேடிக்கையாக எழுதிய டுவிட்டர் வரிக்காகக் கீழ் நீதிமன்றங்கள் தண்டித்தவரை உயர் நீதிமன்றம் விடுவித்தது. பயிற்சி பெற்ற நீதிபதிகளே ஒரே சொல்லைக் கொண்டு நேரெதிரான முடிவுகளுக்கு வரும்போது, சாதாரண மனிதர் அதன் எல்லையை எவ்வாறு அறிவார் என்பதே வாதம். எம் மாணவியின் வினா இங்கு நீதிமன்ற மொழியில் ஒலிப்பதாகவே எமக்குத் தோன்றியது.

இத்தீர்ப்பை முழு வெற்றியாகக் கொண்டாடுவோர் அதன் மறுபாதியைக் கடந்துவிடுகின்றனர். இணையத்தில் ஒரு தகவலைப் பொதுமக்கள் காணாதவாறு தடுக்க அரசுக்கு அதிகாரம் தரும் 69ஏ பிரிவை நீதிமன்றம் நிலைநிறுத்தியது. அதன் 2009-ஆம் ஆண்டு விதிகளில் 16-ஆம் விதி, தடைக் கோரிக்கைகளையும் நடவடிக்கைகளையும் கமுக்கமாக வைக்கச் சொல்கிறது. காரணமே வெளிவராதபோது தடையை எதிர்த்து வாதிடுவது அரிது. 66ஏ பிரிவாவது கண்ணுக்குத் தெரிந்தது.

தீர்ப்புக்குப் பின்னர் நிகழ்ந்தது ஆய்வாளருக்கு வியப்பளிக்கக்கூடியது. செல்லாத பிரிவின் கீழ்க் காவல் நிலையங்கள் தொடர்ந்து வழக்குப் பதிவு செய்தன. தீர்ப்பின் படிகளை உயர் நீதிமன்றங்களுக்கும் மாநிலத் தலைமைச் செயலாளர்களுக்கும் அனுப்ப 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதுவும் போதவில்லை. 2021-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் மீண்டும் முறையிட்டபோது, 11 மாநிலங்களின் மாவட்ட நீதிமன்றங்களில் 745 வழக்குகள் நிலுவையில் இருந்ததாக விவரம் அளித்தது. நீதிபதி நாரிமனே அப்போதும் அமர்விலிருந்து அதிர்ச்சி தெரிவித்தார். தலைமை வழக்கறிஞர் வேணுகோபால் அளித்த விளக்கம் அடிக்குறிப்போடு வாழும் நம் போன்றோருக்குச் சுவையானது: அச்சிட்ட சட்ட நூலில் 66ஏ பிரிவு அப்படியே இருக்கிறது, அது நீக்கப்பட்ட செய்தி அடிக்குறிப்பில் மட்டுமே இருக்கிறது, காவல் அதிகாரி அடிக்குறிப்பைப் பார்ப்பதில்லை.

எவரையும் அப்பிரிவின் கீழ் வழக்குத் தொடுத்து நடத்தலாகாது என 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட்டது. 2023-ஆம் ஆண்டு ஜன் விஸ்வாஸ் சட்டம் அதனைச் சட்ட நூலிலிருந்தே அகற்றியது. அதே ஆண்டு ஜனவரியில்தான் ஜாதவ்பூர்ப் பேராசிரியர் தம் வழக்கிலிருந்து முழுமையாக விடுவிக்கப்பட்டார். கேலிச்சித்திரத்தை அவர் பகிர்ந்து பதினோர் ஆண்டுகள் நிறையும் தறுவாய் அது. பிரிவு செல்லாதென அறிவிக்கப்பட்டு ஏழாண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.