கொரில்லாவும் குரங்கும் ஒரே முற்றத்தில்

1947ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், இலண்டன் மிருகக்காட்சிசாலைக்குக் கொரில்லாக் குட்டி ஒன்று வந்து சேர்ந்தது. சிறியதொரு தகர வெந்நீர்க் குப்பியை அது இறுகப் பற்றியிருந்ததாம். வளர்ந்தபின் அதன் எடை 200 கிலோவைத் தாண்டிற்று. ‘கய்’ என்று பெயரிடப்பட்ட அவ்விலங்கைக் காண மக்கள் திரண்டனர். ஆயினும் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் அது தன்னினத் துணையின்றியே வாழ்ந்தது. பின்னர்ப் பெண் கொரில்லா ஒன்றைத் துணையாகச் சேர்த்தனர், குட்டி பிறக்கவில்லை. 1978ஆம் ஆண்டில் கய் இறந்தது.

அதன் வாழ்வில் ஒரு செய்தி நம் உள்ளத்தைத் தொடுகிறது. கூண்டினுள் சிறு பறவைகள் வந்திறங்கினால், கய் அவற்றை மெல்ல எடுத்துக் கையில் ஏந்தி உற்று நோக்குமாம். நசுக்கிவிடக்கூடிய கை, நசுக்கவில்லை!

அவ்வாறாயின், இத்துணை வலிமை வாய்ந்த விலங்கோடு வேறு சிறு விலங்குகளைக் குடியமர்த்த இயலுமா? பல மிருகக்காட்சிசாலைகள் இதனைச் செய்து பார்த்துள்ளன. அம்முயற்சிகளைச் சிறிது காண்போம்.

தீவில் ஒரு கூட்டுக் குடித்தனம்

கொரில்லாவும் குரங்கும் ஒன்றல்ல என்பதை முதலில் நினைவிற் கொள்ளல் வேண்டும். கொரில்லா வாலில்லாப் பேரினத்தைச் சேர்ந்தது. தரையில் நடந்து, இலை, தண்டு, கனி ஆகியவற்றை உண்டு வாழ்வது. குரங்குகளோ உருவில் சிறியவை, துள்ளித் திரிபவை.

நெதர்லாந்து நாட்டின் ஆப்பெல்டோர்ன் நகரில், 1971ஆம் ஆண்டு விம் மாகர் என்பவர் ‘ஆப்பன்ஹியூல்’ என்னும் பூங்காவைத் தொடங்கினார். குரங்கினங்களைக் கம்பிக்குப் பின்னால் அடைக்காமல், மரங்களுக்கிடையே உலவ விடுவதே அவரது நோக்கம். 1976ஆம் ஆண்டில் அங்குக் கொரில்லாக்கள் வந்தன. நீர் சூழ்ந்த தீவொன்றில் அவை குடும்பமாக வாழ்ந்தன. அதே தீவில் பாட்டாஸ் எனப்படும் செந்நிறக் குரங்குகளும் விடப்பட்டன. பாட்டாஸ் ஆணின் எடை பத்துப் பன்னிரண்டு கிலோவே. ஆனால் ஓட்டத்தில் குரங்கினங்களிலேயே அதற்கு ஈடில்லை. வலிமைக்கு வலிமையால் அன்று, விரைவால் விடையளிக்கும் விலங்கு அது.

சிறியோர்க்கு ஒரு வாயில்

இத்தகைய கூட்டு வாழ்வு ஒரே நாளில் அமைவதன்று. முதலில் இரு இனங்களையும் கம்பி வலைக்கு இருபுறமும் வைத்து, ஒன்றையொன்று பார்க்கவும் மோந்தறியவும் விடுகின்றனர். பின்னர்ச் சிறிது நேரம் சேர்த்து விடுகின்றனர்; காப்பாளர் அருகிருந்து கவனிப்பர். இரவில் தனித்தனி அறைகள், உணவும் தனித்தனியே.

அனைத்திலும் முதன்மையானது ஒன்றுண்டு. குரங்கு நுழையலாம், கொரில்லா நுழைய இயலாது என்னும் அளவில் சிறு வாயில்கள் அமைத்தல் வேண்டும். கொரில்லாவின் பாரத்தைத் தாங்காத மெல்லிய கிளைகளும் கயிறுகளும் உயரத்தில் இருத்தல் வேண்டும். ஒதுங்க இடமில்லாத சிறியவனுக்கு அமைதி ஏது?

பயன் இருபுறமும் உண்டு. அடைப்பு வாழ்வின் பெருந்துன்பம் சலிப்பே. குரங்கின் துள்ளலைக் கொரில்லாக் குட்டி துரத்துகிறது, நாள் கழிகிறது. எனினும் இடர்களும் உள. சிறு குரங்கு ஓயாது சீண்டிப் பெரியதைச் சினமூட்டலாம். ஒரே அடி உயிரைப் போக்கலாம். நோயும் பரவலாம். ஆசியக் குரங்குகள் சிலவற்றில் தீங்கின்றித் தங்கியிருக்கும் ஒருவகை வைரஸ், மனிதருக்குத் தொற்றினால் உயிருக்கே உலை வைக்கும். ஆகவே யாரை யாரோடு சேர்ப்பது என்பதை மருத்துவரும் ஆராய்ந்த பின்னரே முடிவு செய்தல் முறை.

காடு கூறும் இரு செய்திகள்

இயற்கையில் இவ்வினங்கள் எவ்வாறு பழகுகின்றன? கொரில்லாவையும் அதன் நெருங்கிய உறவான சிம்பன்சியையும் பற்றிய இரு செய்திகள் நமக்குக் கிடைத்துள்ளன. காங்கோ குடியரசின் குவாலூகோ காட்டில், இரண்டும் ஒரே மரத்தில் கனி உண்பதையும், அவற்றின் குட்டிகள் கூடி விளையாடுவதையும் ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகள் கண்டு, 2022ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆனால் காபோன் நாட்டின் லோவாங்கோ காட்டில், 2019ஆம் ஆண்டு நிகழ்ந்த இரு மோதல்களில் சிம்பன்சிகள் இரு கொரில்லாக் குட்டிகளைக் கொன்றன.

அதே இரு இனங்கள். ஓரிடத்தில் விளையாட்டு, மற்றோரிடத்தில் மரணம். ஆகவே ‘இவ்வினங்கள் ஒத்துப்போகும்’ என்றோ ‘ஒத்துப்போகா’ என்றோ பொதுவாகக் கூறுவதற்கில்லை. இடம், உணவு, கூட்டத்தின் இயல்பு, தனி விலங்கின் குணம் ஆகியவற்றை நாள்தோறும் கவனித்தே அறிதல் வேண்டும். சில வேளைகளில் பிரித்து வைப்பதே அன்பாகும்; அதனைத் தோல்வியெனக் கருத வேண்டியதில்லை.

சண்டையில்லாதிருப்பதை மட்டும் வெற்றியென்று நாம் எண்ணிவிடலாகாது. அச்சத்தால் மூலையில் ஒடுங்கியிருக்கும் குரங்கும் சண்டையிடுவதில்லையே! சிறியது அஞ்சாமல் உணவுக்கு வருகிறதா, பெரியது தொல்லையின்றி உறங்குகிறதா என்பதே கேள்வி. கூட்டுக் குடும்பங்களில் வாழ்ந்து பழகிய நம் வாசகர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அடுத்த முறை பிள்ளைகளை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துச் செல்லுங்கால், பெரிய விலங்கைக் காட்டியதோடு நின்றுவிடாமல், சிறியது ஒதுங்க அங்கு இடம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.