பெயரைப் பார்த்தால் போதாது

கோ மொழியில் ஒரு சின்ன சர்வர் எழுதினேன். யார் எந்த லிங்க் கொடுத்தாலும் அந்தப் பக்கத்தின் தலைப்பை எடுத்துத் தரும். டிஎன்எஸ்ஸில் பெயரைத் தேடி, உள் நெட்வொர்க் ஐபி இல்லைன்னா அனுமதி. போதும்னு நினைச்சேன்.

ஓட்டை இதுதான்: இணைப்பைத் திறக்கும்போது டிஎன்எஸ்ஸை மறுபடி கேட்கும். பெயருக்குச் சொந்தக்காரர் இரண்டாம் தடவை 169.254.169.254 என்று பதில் தரலாம். கிளவுட் சர்வரின் தற்காலிகச் சாவிகள் கிடைக்கக்கூடிய முகவரி அது. மாட்டுத்தாவணியில் பஸ் போர்டைப் பார்த்துட்டு, டீ குடிச்சிட்டு வந்து, மறுபடி பார்க்காம ஏறுற கதைதான்.

ஏறும் இடத்தில்தான் பார்க்கணும். 2018-இல் வந்த கோ 1.11 முதல் நெட் டயலரில் ‘கன்ட்ரோல்’ ஃபங்ஷன் உண்டு. பெயர் ஐபியாக மாறிய பின், இணைப்பு திறக்கும் முன் அது ஓடும். உள் ஐபி என்றால் அங்கேயே பிழை திருப்பி அனுப்பலாம். அந்த டயலரை எச்டிடிபி டிரான்ஸ்போர்ட்டில் மாட்டிவிட்டால், ரீடைரக்ட் வேறு இடத்துக்கு இழுத்துப் போனாலும் புது இணைப்புக்கு இதே சோதனைதான்.