கிறித்தவ நம்பிக்கையில் இறைவனின் பழியும் தீர்ப்பும்

இறைவனின் பழியும் தீர்ப்பும் என்பது, உலகில் இழைக்கப்படும் தீமைகளுக்குக் கடவுளே இறுதியாகக் கணக்குத் தீர்ப்பார் என்னும் கிறித்தவ நம்பிக்கையைக் குறிக்கும். விவிலியத்தின் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு ஆகிய இரண்டிலும் இக்கருத்து காணப்படுகிறது. பழிவாங்கும் உரிமை கடவுளுக்கு மட்டுமே உண்டு, மனிதருக்கு இல்லை என்பதே இதன் சாரம். ஆகவே இது கடவுளின் சினத்தைப் பற்றிய போதனை மட்டுமன்று. மனிதர் செய்யக்கூடாத இரண்டு செயல்களைப் பற்றிய போதனையும் ஆகும். ஒன்று, தாமே பழிவாங்குதல். மற்றொன்று, பிறருக்கு நேர்ந்த துன்பத்தைக் கடவுளின் தண்டனை என்று அறிவித்தல்.

சொற்பொருள்

தமிழில் 'பழி' என்னும் சொல்லுக்குக் குற்றச்சாட்டு, அவப்பெயர், பகை தீர்த்தல் எனப் பல பொருள்கள் உள்ளன. 'பழிவாங்குதல்' என்றவுடன் வன்மமும் ஆத்திரமும் நினைவுக்கு வருகின்றன. விவிலியத்தின் மூலமொழிச் சொற்கள் இதனின்று சற்று வேறுபட்டவை. எபிரேயச் சொல்லான 'நாகாம்', தவறிழைக்கப்பட்டவருக்கு நியாயம் கிடைக்கச் செய்தல் என்னும் பொருளையும் உள்ளடக்கியது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'எக்திகேசிஸ்' ஆகும். தன் எதிராளியிடமிருந்து நீதி பெற்றுத் தருமாறு ஒரு கைம்பெண் நடுவரிடம் ஓயாமல் முறையிடும் உவமையிலும் (லூக்கா 18:1-8), பழிவாங்குதலைக் கடவுளிடம் விட்டுவிடுமாறு பவுல் அறிவுறுத்தும் இடத்திலும் (உரோமையர் 12:19) இச்சொல்லே வருகிறது. எனவே இறைவனின் பழி என்பது, வலுவற்றவரின் வழக்கை இறைவன் எடுத்து நடத்துவது என்றே பொருள்படும்.

பழைய ஏற்பாட்டில்

தொடக்க நூலில் (ஆதியாகமம்) இலாமேக்கு என்பவன், தன்னைக் காயப்படுத்தியதற்காக ஓர் இளைஞனைக் கொன்றதாகவும், தனக்காக எழுபத்தேழு மடங்கு பழிவாங்கப்படும் என்றும் பெருமை பேசுகிறான் (4:23-24). பழி இப்படிப் பல மடங்காகப் பெருகுவதைப் பிற்காலச் சட்டங்கள் கட்டுப்படுத்தின. 'கண்ணுக்குக் கண்' என்னும் விதி (விடுதலைப் பயணம் 21:23-25) இன்று கொடுமையானதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கண்ணுக்கு ஒரு கண்ணுக்கு மேல் கேட்கக்கூடாது என்று வரம்பு கட்டியது அவ்விதியே. தவறுதலாகக் கொலை செய்தவர், இறந்தவரின் உறவினருடைய கைக்குத் தப்பி ஓடி விசாரணைக்குக் காத்திருப்பதற்காக ஆறு அடைக்கல நகர்கள் ஒதுக்கப்பட்டன (எண்ணிக்கை 35).

பழி தமக்கே உரியது என்று கடவுள் கூறுவது இணைச் சட்ட நூலில் (உபாகமம் 32:35) இடம்பெறுகிறது. சில திருப்பாடல்களில் (எடுத்துக்காட்டாக 94, 109, 137) பகைவர்மீது கடுமையான தண்டனை கேட்டு மன்றாடும் வரிகள் உள்ளன. நசுக்கப்பட்டவர்கள் தம் ஆத்திரத்தை ஆயுதமாக்காமல் மன்றாட்டாக்கி இறைவனிடம் ஒப்படைத்தார்கள் என்று உரையாசிரியர் பலர் இவற்றை விளக்குகின்றனர்.

இயேசுவின் போதனையில்

எத்தனை முறை மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்டபோது இயேசு சொன்ன எண், இலாமேக்கின் எண்ணை நினைவூட்டுகிறது. எழுபத்தேழு முறை என்றும், ஏழெழுபது முறை என்றும் அது மொழிபெயர்க்கப்படுகிறது (மத்தேயு 18:22). பழிக்கு வைத்த கணக்கு இங்கே மன்னிப்புக்கான கணக்காக மாறுகிறது.

'அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்' என்பது தமிழ்ப் பழமொழி. தெய்வத்தின் தீர்ப்பு தாமதமாக வரும் என்பதில் கிறித்தவமும் இதனோடு உடன்படுகிறது. அந்தத் தாமதத்துக்கு அது கூறும் காரணம், தவறு செய்தவர் மனம் மாறுவதற்குக் காலம் தரப்படுகிறது என்பதாகும் (2 பேதுரு 3:9). கோதுமையோடு முளைத்த களைகளை அறுவடை வரை விட்டுவைக்கும் உவமையும் (மத்தேயு 13:24-30) இதையே உணர்த்துகிறது.

பேரிடர் கடவுளின் தண்டனையா?

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. கடலூர் மஞ்சக்குப்பத்துக்குக் கிழக்கே உள்ள தேவனாம்பட்டினம் உள்ளிட்ட மீனவ ஊர்கள் சிதைந்தன. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாகை மாவட்டத்தில் இழப்பு இதைவிடப் பல மடங்கு. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளும் அலையில் மாண்டனர். இது யாருடைய பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்ற கேள்வி அப்போது பல நாடுகளில் எழுந்தது.

அக்கேள்வி புதியதன்று. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் நாளன்று போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் அழிந்தது. வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்கள்மீது ஆலயங்கள் இடிந்து விழுந்தன. ஐரோப்பியச் சிந்தனையாளர்கள் பல்லாண்டுகள் இதைப் பற்றி விவாதித்தனர். 1934 ஜனவரி 15-இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அப்போது தமிழகத்தில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் அளித்த தண்டனை அது என்றார். இயற்கை நிகழ்வை அறநெறியோடு இப்படி முடிச்சுப் போடக்கூடாது என்று ரவீந்திரநாத் தாகூர் மறுத்து எழுதினார். அம்மறுப்பைக் காந்தி தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டார்.

வெள்ளம், போர் போன்ற அழிவுகளை இறைத்தண்டனையாகக் காட்டும் பகுதிகள் விவிலியத்தில் பல உண்டு. அவற்றுக்கு ஒரு கட்டுப்பாடும் அதிலேயே உண்டு. யோபு பாவம் செய்ததால்தான் துன்புறுகிறார் என்று வாதிட்ட நண்பர்களைக் கடவுள் கண்டிக்கிறார் (யோபு 42:7). சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்றார் இயேசு (லூக்கா 13:1-5). அதே இடத்தில், கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனம் மாறுமாறும் எச்சரித்தார். இறந்தவர்மீது தீர்ப்புச் சொல்லாதே, உயிரோடிருக்கும் நீ உன்னைப் பார் என்பதே அதன் கருத்து.

மன்னிப்பும் சட்டமும்

பழியைக் கடவுளிடம் விடுவது என்றால் குற்றத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதா என்னும் ஐயம் இயல்பானது. அண்மைக்கால இந்தியாவில் இதற்கு ஒரு சான்று உண்டு. ஒடிசாவில் தொழுநோயாளர்களிடையே பணியாற்றிய ஆஸ்திரேலியரான கிரகாம் ஸ்டெயின்ஸ், 1999 ஜனவரியில் மனோகர்பூர் என்னும் ஊரில் வாகனத்துக்குள் உறங்கிக்கொண்டிருந்தபோது தம் இரு சிறு மகன்களோடு எரித்துக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி கிளாடிஸ், கொலையாளிகளை மன்னித்ததாக அறிவித்தார். அதன்பின் சில ஆண்டுகள் ஒடிசாவிலேயே தங்கித் தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். 2005-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

மன்னிப்பால் வழக்கு நின்றுவிடவில்லை. முதன்மைக் குற்றவாளிக்கு 2003-இல் விதிக்கப்பட்ட மரண தண்டனையை ஒடிசா உயர் நீதிமன்றம் 2005-இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றம் 2011-இல் அதை உறுதிசெய்தது. தனிமனிதர் பழிவாங்கக்கூடாது என்று எழுதிய பவுல், அடுத்த அதிகாரத்திலேயே குற்றத்தைத் தண்டிக்கும் பொறுப்பை அரசுக்கு அளிக்கிறார் (உரோமையர் 13:4). மன்னிப்பு நெஞ்சிலுள்ள பகையை முடிக்கிறது. குற்றத்துக்கான பொறுப்பைச் சட்டம் விசாரிக்கிறது.

இறுதித் தீர்ப்பு

எல்லாத் தீர்ப்புகளுக்கும் மேலாக ஓர் இறுதித் தீர்ப்பு உண்டு என்பது திருச்சபைகளின் பொது நம்பிக்கை. விளக்கத்தில் வேறுபாடுகள் உள்ளன. புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தை உள்ளிட்ட கத்தோலிக்கத் திருச்சபை, ஒருவர் இறந்தவுடன் பெறும் தனித்தீர்ப்பு, உலக முடிவில் வரும் பொதுத்தீர்ப்பு என இரண்டாகக் கற்பிக்கிறது. தூய்மை பெறும் நிலையையும் (உத்தரிக்கிற தலம்) ஏற்கிறது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை சார்ந்துள்ள லுத்தரன் மரபு, உத்தரிக்கிற தலத்தை ஏற்பதில்லை. இறைவனின் அருளால், நம்பிக்கையின் வழியாகவே மனிதர் நீதிமான்களாக ஏற்கப்படுகின்றனர் என்று அது வலியுறுத்துகிறது.

தீர்ப்பு நாளில் கேட்கப்படும் கேள்விகளை மத்தேயு 25:31-46 பட்டியலிடுகிறது. பசித்தவருக்கு உணவும் தாகமுற்றவருக்குத் தண்ணீரும் ஆடையற்றவருக்கு ஆடையும் கொடுத்தாயா, அந்நியரை ஏற்றுக்கொண்டாயா, நோயாளியையும் சிறையிலிருப்பவரையும் பார்க்கச் சென்றாயா என்பவையே அவை. யாருடைய பாவத்தால் இந்தத் துன்பம் வந்தது என்னும் கேள்வி அப்பட்டியலில் இல்லை.