போர்க்களப் பேயும் வெண்திரையும்

வெலிமடையைச் சூழ்ந்த தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த பழைய மாணவர் பலரும் பொன்னர் சங்கர் கூத்தின் இறுதிக் காட்சியை மறந்திரார். பனி கொட்டும் வைகறைப் பொழுது; கம்பளிக்குள் ஒடுங்கிக் கிடந்த சிறுவராகிய நாம் தூக்கத்தை உதறிவிட்டு நிமிர்ந்திருப்போம். அண்ணன்மார் இருவரும் படுகளத்தில் மாண்டு கிடப்பர். தங்கை அருக்காணி பிணங்களினூடே தேடி வந்து, கதறியழுது, தீர்த்தந் தெளித்து அவர்களை எழுப்புவாள். எழுந்தவர் அவளுடன் சில சொற் பேசுவர், பின்னர் நிலைத்திரார். அப்பொழுது மேனி சிலிர்க்கும். ஆயினும் அது பேய் கண்டோர் அச்சமன்று. பல்லாண்டுகள் கழித்து, போர்க்காலத்தை நிலைக்களனாகக் கொண்ட பேய்ப்படங்கள் சிலவற்றைக் காணும் வாய்ப்புப் பெற்றபோது அதே சிலிர்ப்பை மீண்டும் உணர்ந்தோம். அஃது ஏன் என்பதை இயன்றவரை விளக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பேய்ப்படம் என்றதும் பாழடைந்த மாளிகையும், கொலுசொலியும், பழிவாங்க வந்த வெள்ளைச் சேலைக்காரியுமே நம்மவர் நினைவுக்கு வருதல் இயல்பு. அவற்றில் ஒருவனைக் கொன்றவன் ஒருவன்; பழி தீர்ந்ததும் பேய் அகலும். போரில் நிலைமை வேறு. கொன்றவன் யார் என்று கேட்டாற் படை என்பர். படையை ஏவியது யார் என்றால் அரசு என்பர். பழிதீர்க்க ஒருவன் அகப்படாத இடத்திற் பேய் யாது செய்யும்? இவ்வகைப் படங்களின் கருவெல்லாம் இவ்வினாவேயாம்.

தமிழுக்குப் போர்க்களப் பேய் புதியதன்று. முதற் குலோத்துங்கனின் தானைத் தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைச் செயங்கொண்டார் பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பரணியாகப் பாடினார். அதிலே பேய்களே பெரும்பகுதியை ஆட்சி செய்கின்றன. காளியின் முன்னே பசியால் வாடி முறையிட்ட பேய்கள், கலிங்கப் போர் முடிந்ததும் களத்துக்கு விரைந்து, பல் துலக்கி, நீராடி, அடுப்பு மூட்டிக் கூழ் அடுகின்றன. உண்டு களித்து மன்னனை வாழ்த்துகின்றன. படிப்போர்க்கு அருவருப்பும் நகையும் ஒருங்கே தோன்றும். பள்ளியில் இதனைக் கற்ற நாளில் நாமும் நகைத்தோம். இற்றைநாள் எண்ணிப் பார்க்கையில் ஒன்று உறுத்துகின்றது. பரணியின் பேய் வென்றவன் பக்கத்துப் பேய். கூழான கலிங்க வீரனின் ஆவி எங்கே போயிற்று என்று அந்நூல் கேட்பதில்லை. பரணி வாய்திறவாது விட்ட அந்த ஆவியையே வெண்திரை பேசவைத்தது என்பது எம் கருத்து.

முதலாம் உலகப் போர் ஓய்ந்த கையோடு 1919 இற் பிரான்சில் வெளியான படம் ஏபல் கான்சின் 'ஜக்கியூஸ்'. 'நான் குற்றஞ் சாட்டுகின்றேன்' என்பது அத்தலைப்பின் பொருள். மனம் பேதலித்து ஊர் திரும்பிய கவிஞன் ஒருவன், களத்தில் மாண்டவர் எல்லாரும் எழுந்து வருகின்றனர் என்று ஊராரிடம் கூறுகின்றான். வருவது பழிவாங்கவன்று. தாம் இறந்ததற்குத் தகுந்தவாறு இருப்போர் வாழ்கின்றனரா என்று பார்த்துச் செல்லவே வருகின்றனர். எழுந்து வரும் பிணங்களாக நடித்தவர் வேர்டன் போர்முனையிலிருந்து விடுமுறையில் வந்த உண்மைப் போர்வீரர். அவர்களுட் பெரும்பாலோர் முனைக்குத் திரும்பியபின் மாண்டுபோயினர் என்று கான்ஸ் பிற்காலத்திற் கூறியுள்ளார். திரையிற் பிணமாக நடந்தவர் பின்னர் மெய்யாகவே பிணமாயினர் என்றால், அப்படத்தை வெறுங் கற்பனை என்று எவ்வாறு தள்ளுவது?

இவ்வரிசையில் நாம் தலைசிறந்ததாக மதிப்பது கெஞ்சி மிசோகுச்சி என்னும் யப்பானியர் 1953 இல் எடுத்த 'உகெட்சு'. அவ்வாண்டே வெனிஸ் திரைப்பட விழாவில் வெள்ளிச் சிங்கப் பரிசு பெற்றது. பதினாறாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்க்காலம். பிவா ஏரிப்பக்கத்துக் குயவன் ஒருவன், போரினாற் பண்டங்களுக்கு விலை ஏறியதைக் கண்டு பேராசை கொண்டு, மனைவியையும் மகவையும் விட்டு நகருக்குச் செல்கின்றான். அங்கே உயர்குலப் பெண்ணொருத்தி அவனைத் தன் மாளிகைக்கு அழைத்து மயக்குகின்றாள். அவள் போரில் அழிந்த குலத்தின் ஆவி என்பதை அவன் பின்னரே அறிகின்றான். தப்பி வீடு திரும்பினால், மனைவி அடுப்பெரிய உணவு வைத்துக் காத்திருக்கின்றாள். ஒரு சொல்லும் கடிந்துரையாது தூங்கவைக்கின்றாள். விடிந்தபின் ஊர்ப் பெரியவர் வந்து சொல்லியே, உணவுக்கு அலைந்த படையாட்கள் அவளை எப்பொழுதோ குத்திக் கொன்றமை அவனுக்குத் தெரிகின்றது. முதலாவது பேயைக் கண்டு நாம் அஞ்சினோம். இரண்டாவது பேயைப் பேயென்று அறியாமலே அன்பு கொண்டோம். அறிந்தபின் அச்சம் வரவில்லை, தொண்டையடைத்தது. அருக்காணியும் அண்ணன்மாரும் அவ்வேளை எம் மனத்தில் வந்து நின்றனர்.

பிறநாட்டார் படங்களை இரண்டொன்று சுட்டி அப்பாற் செல்வோம். கியெர்மோ டெல் தோரோ 2001 இல் எடுத்த 'பேயின் முதுகெலும்பு' 1939 இன் ஸ்பானிய உள்நாட்டுப் போரில் ஓர் அநாதை விடுதியைக் காட்டுகின்றது. முற்றத்திலே வெடியாத குண்டு ஒன்று நட்டுக்கொண்டு நிற்கின்றது. கீழே கொலையுண்ட சிறுவனின் ஆவி உலவுகின்றது. பாபக் அன்வாரியின் 'அண்டர் த ஷடோ' 2016 இல் வந்தது. ஈராக்கிய ஏவுகணைகள் விழுந்த 1988 ஆம் ஆண்டுத் தெகிரானில், கணவனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு மகளுடன் தனித்த தாயொருத்தியைச் சின் என்னும் பேய் தொடர்கின்றது. அங்கும் கூரையைத் துளைத்து வந்த ஏவுகணை வெடிக்காமலே நிற்கும். வெடியாத குண்டும் விடைபெறாத ஆவியும் ஒன்றே என்று இரு படங்களும் சொல்லாமற் சொல்கின்றன.

நம் நாட்டிற் பிரசன்ன விதானகே 1997 இல் எடுத்த 'புரஹந்த களுவர' என்னும் சிங்களப் படத்திலே பேயே இல்லை. எனினும் இவ்வரிசையில் அதற்கு இடந்தருகின்றோம். கண்ணிழந்த கிழத்தந்தையாக ஜோ அபேவிக்ரம நடித்தார். போர்முனையிலிருந்து மகனின் உடல் முத்திரையிட்ட பெட்டியில் வருகின்றது, அடக்கமும் நடக்கின்றது. மகன் இறந்தான் என்பதைக் கிழவர் நம்பவில்லை. இழப்பீட்டுப் பணத்துக்குக் கையொப்பமிட மறுக்கின்றார். ஈற்றில் தாமே புதைகுழியைத் தோண்டுகின்றார். பெட்டிக்குள்ளே வாழைக்குற்றியும் கற்களுமே இருந்தன. 2000 இல் இப்படம் அரசினாற் தடுக்கப்பட்டு, 2001 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பின்பின் காட்டப்பட்டது. வந்துநிற்கும் பேயினும் வாராத பிணம் கொடியது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய படத்தை நாம் கண்டதில்லை.

நம் சமயத்தார்க்கு இஃது அயலார் துயரன்று. இறந்த திதி தெரியாதார்க்கு மாளய அமாவாசையிற் கடன் செய்யலாம் என்பர். காணாமற் போனவர்க்குப் பன்னிரண்டாண்டு காத்திருந்து, தருப்பையால் உருச்செய்து தகனம் செய்யலாம் என்று தரும நூல்கள் விதிக்கின்றன. அயலிலுள்ள தியத்தலாவையில் 1900 முதற் சிறைவைக்கப்பட்ட ஏறத்தாழ 5,000 போயர் கைதிகளுள் அங்கே இறந்தோர்க்குக்கூட ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. ஆனால் 1977 இலும் 1983 இலும் நிகழ்ந்த வன்செயல்களின்பின் மலையகத் தோட்டங்களை விட்டு வன்னியிற் குடியேறி, 2009 வைகாசியில் முடிந்த போரில் அகப்பட்டோர் பலர்க்குத் திதியுமில்லை, கல்லுமில்லை.

எமக்குத் தெரிந்த தோட்டத்து மூதாட்டி ஒருவரின் தம்பியும் அவ்வாறு கிளிநொச்சிக்குப் போனவரே. 2021 இற் பன்னிரண்டாண்டு நிறைந்தது. தருப்பை உருச்செய்து கடனை முடித்துவிடலாம் என்று ஐயர் எடுத்துரைத்தார். "நாளைக்கு அவன் வந்து வாசல்ல நின்னா, நான் என்ன சாமி சொல்லுவேன்?" என்று மூதாட்டி மறுத்துவிட்டார். கூத்து நடக்கும் இரவுகளில் அவர் முன்வரிசையில் அமர்ந்து விடியுமட்டும் பார்ப்பார். தங்காள் தீர்த்தச் செம்பைக் கையிலெடுக்கும் வேளையில் மட்டும் எழுந்து லயத்துக்குப் போய்விடுவார்.